மணல் தீர்ந்த பிறகு வந்த ஓட்டு

மெர்ல் ட்ரிஃபெட்டைப் பற்றிப் பேசினால் எல்லாரும் அந்த மேசையில்தான் தொடங்குவார்கள். எங்கள் தீவின் மேலவையில், தலைவரின் இருக்கைக்கு முன்னால் கிடக்கும் நீள மேசையில் எழுத்தராக உட்கார்ந்த முதல் பெண் அவள் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதில் யாருடைய பெருந்தன்மையும் இல்லை. அவளுக்கு மேலே இருந்த இரண்டு ஆண்களில் ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருவருக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு சட்டத் திருத்தத்தைப் பிழையில்லாமல் எழுதித் தர அந்தக் கட்டடத்தில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் கொடுத்த நாற்காலியில் அவள் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தாள்.

நான் அதே அவையில் உறுப்பினர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தவள். மனிதர்கள் பேசுவதை வருடக்கணக்காக ஒரு வார்த்தை விடாமல் எழுதினால் மனிதர்கள் மேல் இருக்கிற மரியாதை மெல்லக் குறையும். எனக்கு நன்றாகவே குறைந்தது. மெர்ல் மேல் மட்டும் குறையவில்லை. எழுபத்தெட்டாம் வருடக் குளிர்காலத்துக்குப் பிறகு அது கூடித்தான் போனது.

அவள் மரம் வெட்டுகிறவரின் மகள். பதினேழு வயதில் தட்டச்சு செய்ய வந்தாள். கல்யாணமாகி ஆறே வருடத்தில் புருஷன் துத்தநாக ஆலையில் செத்தான். பிள்ளை இல்லை. மலையில் பனி விழுந்தால் அவைக்குள் கால் விறைத்துப்போகும். அதனால் வெந்நீர் அடைத்த ரப்பர் பை ஒன்றை மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வாள். எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்காட்டியதில்லை, அவளிடம் எல்லாருக்கும் வேலை இருந்தது.

எங்கள் அவையில் மொத்தம் பத்தொன்பது பேர். பாதிக்கு மேல் எந்தக் கட்சியையும் சேராதவர்கள். ஆப்பிள் தோட்டக்காரர், ஆட்டுப் பண்ணைக்காரர், மருந்துக்கடைக்காரர் இப்படி. கட்சி இல்லாதவனுக்குப் பின்னால் எழுதிக்கொடுக்க ஆள் கிடையாது. மசோதாவில் ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் குதிரைப் பந்தயத் தாளின் பின்பக்கத்தில் எதையாவது கிறுக்கிக்கொண்டு மெர்லின் அறைக்கு வந்து நிற்பார்கள்.

"மிஸஸ் ட்ரிஃபெட், இந்த நாய் லைசன்ஸ் மசோதால ஆட்டுப் பண்ணை நாயை எல்லாம் விட்டுடணும். எழுதிக் குடுங்கம்மா."

"எல்லாப் பண்ணை நாயுமா? ஒரே ஒரு ஆடு வச்சிருக்கிற ஆளோட நாயுமா?"

"சேச்சே. அவன் நாய் எதுக்கு?"

"அப்ப எத்தனை ஆடு இருக்கணும்?"

மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போய் இரண்டு நாள் கழித்து வருவார். வரும்போது ஐம்பது ஆடு என்று ஒரு எண்ணோடு வருவார். அதை அவள் நாலாம் பக்கம், பன்னிரண்டாம் வரி, இந்தச் சொல்லுக்குப் பிறகு இந்தச் சொற்களைச் சேர்க்க என்று தட்டச்சு செய்து நீட்டுவாள். அரசுத் தரப்போ எதிர்த்தரப்போ, வந்தவர் யாரானாலும் அதே கேள்வி, அதே தாள், அதே நீலப் பென்சில். கேட்டவருக்குத்தான் சொல்வாள். கேட்காதவருக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அவளுடைய சொந்தக் கருத்து என்னவென்று அந்த அறையில் யாருக்கும் தெரிந்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஏரிக்கரை மசோதா வந்தது. மேட்டுநில ஏரிகளைச் சுற்றி அரசு நிலத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் தகரத்தையும் பலகையையும் வைத்துக் குடில் கட்டியிருந்தார்கள். தண்ணீர் கெடுகிறது, எல்லாவற்றையும் இரண்டு வருடத்தில் பிரித்துவிட வேண்டும் என்றது மசோதா. விடுமுறைக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். ஆனால் இருபது முப்பது பேர் வருடம் முழுக்க அங்கேயே வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது.

அதில் ஒருவன் கிளாரி டாப்சன். மெர்லின் தம்பி. அணைக்கட்டுச் சுரங்கத்தில் பாறை விழுந்து இடுப்பு உடைந்தவன். ஒருமுறை மெர்லோடு நானும் போயிருக்கிறேன். வெண்ணெயில் டிரவுட் மீனைப் பொரித்துக் கொடுத்தான். உடைந்த இடுப்போடு அவன் கட்டிய வீடு. ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர். ஊருக்கு வந்து அக்காவோடு இருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"வந்து? யார் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்றது?" என்றான். "இங்க மீன் ஏமாத்தும். அதோட சரி. வேற யாரும் என்னைப் பாவம்னு பார்க்கறதில்ல."

மசோதா வந்த அன்றே மெர்ல் தலைமை எழுத்தரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். என் தம்பி வீடு இதில் இருக்கிறது, இந்த மசோதாவை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று. வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். கடைசியில் அவளே எழுத வேண்டியதாயிற்று. உறுப்பினர்கள் யாருக்கும் இது தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அந்த மீனைச் சாப்பிட்டவள்.

திருத்தம் கொண்டுவந்தவர் ஹெட்லி கிரிஸ்ப். ஆப்பிள் தோட்டக்காரர். நல்ல குரல், அது நல்ல குரல் என்று அவருக்கும் தெரியும். குடிலே ஒரே வீடாக இருப்பவர்கள் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கலாம் என்று ஒரு திருத்தம் எழுதித் தரச் சொன்னார். மெர்ல் ஐந்து வரியில் எழுதிக் கொடுத்தாள். நான் பார்த்ததிலேயே சுத்தமான ஐந்து வரி. ஆனால் அதே சுத்தத்தோடு நாய் மசோதாவுக்கும் எழுதியிருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மசோதா வரிவரியாக விவாதத்துக்கு வரும் புதன்கிழமை காலை, கிரிஸ்ப் மறுபடி மெர்லின் அறைக்கு வந்து நின்றார். நான் டீக்கோப்பையோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அரசுத் தரப்புத் தலைவர் அவரை நடைபாதையில் ஓரம்கட்டி, திருத்தத்தைக் கைவிட்டால் அவருடைய தொகுதிக் கடற்கரையில் ஒரு புதுப் படகுத்துறை கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அது மெர்லுக்கும் எனக்கும் முந்தின நாளே தெரியும். அந்தக் கட்டடத்தில் ரகசியம் என்பது சொல்கிறவருக்கு மட்டும்தான்.

"மிஸஸ் ட்ரிஃபெட், என் திருத்தத்தை வாபஸ் வாங்கறதா இருந்தா எப்படி?"

மெர்லின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"முன்மொழியறதுக்கு முன்னாடியா, அப்புறமாவா?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"முன்னாடின்னா அது உங்க தாள். உங்க பேரைக் கூப்பிடும்போது எந்திரிக்காம இருந்தா போதும், முடிஞ்சுது. முன்மொழிஞ்சுட்டா அது அவையோட சொத்து. திரும்ப வாங்க அவைகிட்ட அனுமதி கேட்கணும். ஒரே ஒருத்தர் முடியாதுன்னு சொன்னாலும் குடுக்க முடியாது. ஓட்டுக்குப் போயே ஆகணும்."

"அனுமதி கேட்டு யாரும் முடியாதுன்னு சொன்னதில்லையே."

"நான் வந்ததிலேர்ந்து யாரும் சொன்னதில்ல. ஆனா சொல்லலாம். சுலபமான வழி எந்திரிக்காம இருக்கறதுதான், மிஸ்டர் கிரிஸ்ப்."

தம்பியின் வீட்டை இடிக்க எது சுலபமான வழி என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அந்த இடத்தில் கோப்பையை அவள் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது.

ஆனால் கிரிஸ்ப்புக்குப் பேச வேண்டும். இது எங்கள் ஆட்களுக்கே உரிய வியாதி. திருத்தத்தை முன்மொழிந்து, கண்ணில் தண்ணீர் வர ஒரு உரை ஆற்றி, அமைச்சர் தரப்பிலிருந்து ஒரு வாக்குறுதி வாங்கி, பெருந்தன்மையாக வாபஸ் வாங்குவார்கள். உரை அச்சில் வரும். அதைக் கத்தரித்துத் தொகுதி முழுக்க அனுப்புவார்கள். திருத்தம் செத்தாலும் உரை வாழும்.

மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்து இருபது நிமிடம் பேசினார். என் விரல் வலித்தது. தள்ளாத காலத்தில் அடுப்பருகே உட்கார்ந்திருப்பவனைக் குளிரில் தள்ளுவதா என்றார். ஒரு மனிதனுக்கு ஒரு கூரை என்றார். நன்றாகவே பேசினார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரசுத் தரப்புத் தலைவர் எழுந்து, இவர்களுடைய நிலைமை கருணையோடு பரிசீலிக்கப்படும் என்றார். அந்த வாக்கியத்தை நான் நானூறு தடவையாவது எழுதியிருப்பேன். கருணையை ஒருமுறைகூட எழுதியதில்லை.

"அந்த உறுதிமொழியை ஏற்று, என் திருத்தத்தைத் திரும்பப் பெற அவையின் அனுமதியைக் கோருகிறேன்" என்றார் கிரிஸ்ப்.

"அனுமதி உண்டா?" என்று கேட்டார் அவைத் தலைவர். கேட்டுக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார்.

"முடியாது."

குரல் பின் வரிசையிலிருந்து வந்தது. ஆத்தல் பைபஸ். எண்பது வயதை நெருங்கும் ஆட்டுப் பண்ணைக்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவையில் தூங்குவதற்கென்றே வருகிறவர். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"யோவ் ஹெட்லி," என்றார் பைபஸ், உட்கார்ந்தபடியே. "இருபது நிமிஷமா என்னைத் தூங்க விடாம அழ வச்சிட்ட. அழுதவன் நான். இப்ப சும்மா சொன்னேன்னா எப்படி? ஓட்டுப் போட்டுப் பார்த்துருவோம்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கிரிஸ்ப் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தபோது அந்தத் தவளைக்காக நான் பரிதாபப்படவில்லை. மெர்ல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆம், இல்லை என்று கத்திய குரல் ஓட்டில் முடிவு தெரியவில்லை. மணி அடிக்கத் தொடங்கியது. மணி அடித்ததும் மேசையில் இருக்கும் மணல் கடிகாரத்தைத் திருப்பிவைப்பது மெர்லின் வேலை. மூன்று நிமிட மணல். சாப்பாட்டு அறையிலும் நூலகத்திலும் இருப்பவர்கள் அதற்குள் ஓடிவர வேண்டும். மணல் தீர்ந்ததும் தலைவர் கதவைப் பூட்டச் சொல்வார். அதற்குப் பிறகு வருகிறவர் ராஜாவானாலும் வெளியேதான்.

கதவைப் பூட்டினார்கள். ஆம் என்பவர்கள் வலப்பக்கம், இல்லை என்பவர்கள் இடப்பக்கம் போய் நின்றார்கள். கிரிஸ்ப் தன் திருத்தத்துக்கே எதிராக இடப்பக்கம் போனார். தரையைப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் எண்ணிச் சீட்டு கொண்டுவந்து தந்தார்கள். வலப்பக்கம் ஒன்பது. இடப்பக்கம் எட்டு.

ஜெயித்துவிட்டது. கிளாரியின் ஜன்னலும் தண்ணீரும் எனக்குக் கண் முன்னால் வந்தன. மெர்லைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். அவள் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி, எழுந்து நின்று, தலைவரின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் படித்தார். வாயில்காவலன் வெர்னைக் கூப்பிட்டார்.

"கதவைப் பூட்டச் சொன்னப்புறம் யாரையாவது உள்ள விட்டியாப்பா?"

வெர்ன் நல்லவன். அதுதான் பிரச்சினை. "மிஸ்டர் கூர்லி வாசல்படி வரைக்கும் வந்துட்டாருங்கய்யா. அவர் கால்தான் தெரியுமே. ஒரு செகண்டு கதவைப் பிடிச்சேன்."

கூர்லி போரில் ஒரு கால் முடமானவர். வலப்பக்கம் நின்ற ஒன்பது பேரில் ஒருவர். மணல் இறங்கி முடிந்த பிறகு அவர் உள்ளே வந்ததைப் பார்த்தவள் மெர்ல் ஒருத்திதான். மற்ற எல்லாரும் கிரிஸ்ப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பேசாமல் இருந்திருந்தால் வெர்னைத் தவிர அது இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

கூர்லியின் ஓட்டுத் தள்ளப்பட்டது. எட்டுக்கு எட்டு. சமமானால் தலைவர் ஓட்டுப் போட வேண்டும். மசோதா இருக்கிறபடியே இருக்கட்டும் என்று போடுவதுதான் தலைவர்களின் வழக்கம். அவர் வழக்கப்படியே போட்டார். திருத்தம் தோற்றது என்று அவைக் குறிப்பில் எழுத வேண்டியதும் மெர்ல்தான். எழுதினாள். பிறகு அந்தத் தாளை நான் எடுத்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூட ஆடவில்லை. மடியில் இருந்த வெந்நீர்ப் பை மட்டும் தரையில் விழுந்து கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

கூர்லி வெளியே வந்து, கேவலம் ஒரு எழுத்தர் பொம்பளை என்று நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வடக்கே தன் ஊருக்குப் போய்விட்டார்.

டீ அறையில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குப் பைத்தியமாடி? யாரு கேட்டா உன்னை?"

"நான் பார்த்தேன், ஐரிஸ்."

"பார்த்தா? கண்ணை மூடிக்கறதுக்கு என்ன?"

"இடப்பக்கம் ஒருத்தர் லேட்டா வந்திருந்தா சொல்லியிருப்பேனா, மாட்டேனா?"

நான் சர்க்கரை டப்பாவை மூடி வைத்தேன்.

"சொல்லியிருப்பேன் இல்ல? அப்ப இதையும்தான் சொல்லணும்." அப்புறம் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஞாயித்துக்கிழமை போய் கிளாரிகிட்டச் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் கிரிஸ்ப் தனியாக உட்கார்ந்து, கறிமசாலா போட்ட சிப்பி அடைத்த பேஸ்ட்ரியைக் கிளறிக்கொண்டிருந்தார். யாரும் அவரோடு உட்காரவில்லை. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். சுருக்கெழுத்துக்காரி உறுப்பினரோடு உட்காருவது வழக்கமில்லை. நான் செய்தது தப்பு. இன்றைக்கும் செய்வேன்.

"உங்க உரை நல்லா இருந்துது, மிஸ்டர் கிரிஸ்ப். அடுப்பு ஓரத்துல ஒருத்தன்னு சொன்னீங்களே, அவன் பேரு தெரியுமா?"

"யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலியேம்மா."

"கிளாரி டாப்சன். மிஸஸ் ட்ரிஃபெட்டோட கூடப் பிறந்த தம்பி."

முள்கரண்டி தட்டில் விழுந்தது. மெர்ல் ஐந்து வரியை எழுதிக் கொடுத்ததும், எழுந்திருக்காமல் இருங்கள் என்று சொன்னதும், தாளைத் தலைவர் கையில் கொடுத்ததும் ஒன்றன் பின் ஒன்றாக அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

நேராக மெர்லின் அறைக்குத்தான் போயிருக்கிறார். மசோதா இறுதி ஓட்டுக்குப் போகும் முன்னால் அதை இன்னொரு முறை வரிவரியாகப் பார்க்கத் திருப்பி அனுப்பச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. எப்போதாவதுதான் யாராவது கேட்பார்கள். அதைக் கேட்டிருக்கிறார். பழைய தாளையே நீட்டித் தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். கடைசியில் வாய் தவறி, உங்கள் தம்பி விஷயம் எனக்குத் தெரியாதும்மா என்றும் சொல்லித் தொலைத்திருக்கிறார்.

மெர்ல் தேதியை மாற்றித் தட்டச்சு செய்து கொடுத்தாள். பிறகு தலைமை எழுத்தரிடம் போய், ஒரு உறுப்பினருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, இனி இந்த மசோதாவுக்கு நான் மேசையில் உட்காரக்கூடாது என்றாள். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. என் மேசையைக் கடந்து போகும்போது அவள் நின்றாள்.

"உன்னை நம்பித்தானே அங்க கூட்டிட்டுப் போனேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

நாலு மணிக்குத் திருப்பி அனுப்ப அவை சம்மதித்தது. மேசையில் தலைமை எழுத்தரே உட்கார்ந்திருந்தார். கிரிஸ்ப்பின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். நான் பென்சிலைச் சீவி, விரலை நீவிக்கொண்டு, இன்னொரு இருபது நிமிடத்துக்குத் தயாரானேன்.

"என் பெயரில் உள்ள திருத்தத்தை முன்மொழிகிறேன்" என்றார்.

உட்கார்ந்துவிட்டார்.

அரசுத் தரப்புத் தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் படகுத்துறை மூழ்கியது. அது இன்றுவரை கட்டப்படவில்லை. பைபஸ் பின்னாலிருந்து, "இன்னிக்கு அழ வைக்கலியா ஹெட்லி?" என்று கேட்டார். கிரிஸ்ப் திரும்பவே இல்லை. அவர் பேசியதிலேயே நல்ல உரை அதுதான்; அச்சில் ஒரு வரி.

மணி அடித்தது. மணல் இறங்கியது. கதவைப் பூட்டச் சொன்னார்கள், பூட்டினார்கள். கிரிஸ்ப் நடந்து வலப்பக்கம் போனார். எண்ணினார்கள்.

கதவு திறந்ததும் என் முறை முடிந்து நான் வெளியே வந்தேன். நடைபாதையில், சுவரோரப் பலகையில் மெர்ல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது, மணியைத் தவிர. கம்பளிச் சட்டையின் பொத்தானை எல்லாம் கழுத்துவரை போட்டு, கையில் வெந்நீர்ப் பையைப் பிடித்திருந்தாள். அது எப்போதோ ஆறிப்போயிருக்கும். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"கதவை நேரத்துக்குப் பூட்டினாங்களா?" என்று கேட்டாள்.

"பூட்டினாங்க. வெர்ன் சாவியைக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னான்."

"மணல் முழுசா இறங்கினப்புறம்தானே?"

"கடைசிப் பொடி வரைக்கும்."

"அப்புறம் யாரும் வரலியே?"

"யாரும் வரல, மெர்ல். ஒன்பதுக்கு ஏழு. கிளாரி அங்கேயே இருக்கலாம்."

அவள் தலையை ஆட்டினாள். நகர்ந்து பலகையில் எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.